பழைய கார் எஞ்சினை டியூன் செய்யக்கூடிய ஃபியூவல் இன்ஜெக்‌ஷனுக்கு மாற்றுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார்புரேட்டரே நன்றாக ஓடுகிறது. இன்ஜெக்‌ஷன் எதற்கு?

பவருக்காக மட்டும் என்றால் வேண்டாம். ஜெட் சரியாகப் போட்டு செட் செய்த கார்புரேட்டர், முழு த்ராட்டிலில் இன்ஜெக்‌ஷனுக்கு அருகிலேயே வந்துவிடும். லாபம் மற்ற இடங்களில் இருக்கிறது. சோக்கை இழுத்துக்கொண்டு நிற்காமல் குளிரில் ஸ்டார்ட் ஆகும். மலை ஏறும்போது காற்றின் அடர்த்தி குறைவதற்கேற்ப பெட்ரோலும் தானாகக் குறையும். வளைவிலும் சரிவிலும் ஃப்ளோட் சேம்பர் தொல்லை இருக்காது.

இன்னொரு பெரிய லாபத்தைப் பலர் கணக்கில் எடுப்பதே இல்லை. அது ஸ்பார்க் டைமிங், அதாவது பொறி விழும் நேரம். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் எடைகளும் ஸ்பிரிங்குகளும் ஆர்பிஎம்முக்கு ஒரே ஒரு வளைகோட்டைத்தான் தரும். வேக்குவம் கேப்ஸ்யூல் அதன்மேல் கொஞ்சம் சேர்க்கும். பெட்ரோலையும் பொறியையும் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவிலோ ஒவ்வொரு ஆர்பிஎம், ஒவ்வொரு லோடுக்கும் (எஞ்சின் மேல் விழும் சுமை) தனித்தனி டைமிங் தரலாம். பார்ட் த்ராட்டிலில் கிடைக்கும் மைலேஜிலும் சீரான ஐடிலிங்கிலும் பெரும் பங்கு இந்த டைமிங்குக்கு உரியது. பெட்ரோலை மட்டும் மாற்றிவிட்டுத் தேய்ந்த டிஸ்ட்ரிபியூட்டரை அப்படியே விட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கும்.

என் எஞ்சின் இதற்குத் தகுதியானதா?

எதையும் வாங்கும் முன் கம்ப்ரெஷன் டெஸ்ட் செய்யுங்கள். சிலிண்டருக்கு சிலிண்டர் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் முதலில் எஞ்சின் வேலை, பிறகுதான் இன்ஜெக்‌ஷன். ஈசியூ எல்லா சிலிண்டரையும் ஒன்றாகவே பார்க்கிறது. நான்கில் ஒன்று சோர்ந்து கிடந்தால் அதற்காக மற்ற மூன்றின் கலவையும் கெடும். வால்வு கைடு தேய்ந்து எண்ணெய் குடிக்கும் எஞ்சினில், எக்ஸாஸ்டிலிருந்து கலவையை அளக்கும் ஆக்ஸிஜன் சென்சாரும் சீக்கிரம் போய்விடும். இன்டேக் மேனிஃபோல்டு கேஸ்கட்டில் காற்றுக் கசிவு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

எந்த வரிசையில் வேலையைத் தொடங்குவது?

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றிவிட்டு ஸ்டார்ட் ஆகாத வண்டியின் முன் நிற்பதுதான் இந்த வேலையில் அதிகம் நடக்கும் தவறு. அப்போது குறை ஸ்பார்க்கிலா, பெட்ரோலிலா, சிக்னலிலா என்று தெரியாது.

கார்புரேட்டர் இருக்கும்போதே ஈசியூவைப் பொருத்தி, கிராங்க் சென்சாரும் (கிராங்க் ஷாஃப்ட்டின் நிலையைச் சொல்வது) காயில்களும் வைத்து, ஸ்பார்க்கை மட்டும் அதனிடம் கொடுங்கள். வண்டி அப்படிச் சில வாரங்கள் ஓடட்டும். ஆர்பிஎம் சிக்னல் சுத்தமாக வருகிறது, எர்த் சரியாக இருக்கிறது, டைமிங் நகரவில்லை என்று உறுதியானதும் எக்ஸாஸ்டில் கலவையின் விகிதத்தை எண்ணாகவே காட்டும் வைட்பேண்ட் ஆக்ஸிஜன் சென்சாரைப் பொருத்திக் கலவையைக் கவனியுங்கள். ஹை பிரஷர் பம்ப், ரிட்டர்ன் லைன், ரெகுலேட்டர் வேலைகளை அடுத்து முடியுங்கள். இன்ஜெக்டர் கடைசியில். வேலை மெதுவாக நகர்வதுபோல் தோன்றும். ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் வண்டி ஓடும் நிலையில் இருக்கும்.

ஒற்றை த்ராட்டில் பாடியா, போர்ட் இன்ஜெக்‌ஷனா, சிலிண்டருக்கு ஒரு த்ராட்டிலா?

கார்புரேட்டர் இருந்த இடத்திலேயே உட்காரும் த்ராட்டில் பாடி இன்ஜெக்‌ஷன் எளிது. மேனிஃபோல்டைத் தொட வேண்டாம். பெட்ரோல் பிரஷரும் பல வகைகளில் 1 பார் அளவே போதும். குறை என்னவென்றால் கார்புரேட்டரைப் போலவே மேனிஃபோல்டின் சுவரில் பெட்ரோல் படியும். கலவை எல்லா சிலிண்டருக்கும் சமமாகப் போகாது; குளிர்ந்த எஞ்சினில் அதிகமாக ஊற்ற வேண்டியிருக்கும்.

போர்ட் இன்ஜெக்‌ஷனில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஓர் இன்ஜெக்டர், வால்வின் பின்புறத்தை நோக்கி. எங்கள் தேர்வு இதுதான். உங்கள் எஞ்சின் குடும்பத்திலேயே பிற்காலத்தில் இன்ஜெக்‌ஷனோடு வந்த மாடல் இருந்தால் அதன் மேனிஃபோல்டு, ரெயில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் குழாய்), த்ராட்டில் பாடி அப்படியே பொருந்துமா என்று முதலில் தேடுங்கள். இல்லையென்றால் பழைய மேனிஃபோல்டில் இன்ஜெக்டர் உட்காரும் பாஸ் (குழாய்த் துண்டு) வெல்டு செய்ய வேண்டும். இன்ஜெக்டரின் தெளிப்பு போர்ட்டின் சுவரில் மோதாமல் வால்வு வரை நேராகப் போகும்படி கோணத்தை அமையுங்கள். 1500 சிசி எஞ்சினுக்கு 45 முதல் 52 மி.மீ. த்ராட்டில் போதும். பெரிதாகப் போட்டால் பெடலை லேசாகத் தொட்டாலே வண்டி துள்ளும்.

மோட்டார் சைக்கிளிலிருந்து எடுத்த நான்கு த்ராட்டில்களை வரிசையாகப் பொருத்துவது அழகு, சத்தமும் அருமை, ரெஸ்பான்ஸும் கூர்மை. ஆனால் பெடலைச் சற்றே அழுத்தியதும் மேனிஃபோல்டு அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தை நெருங்கிவிடும். லோடைக் கணக்கிட, மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் மட்டும் போதாது. த்ராட்டில் கோணத்தை வைத்துக் கணக்கிடும் ஆல்ஃபா-என் முறையோ, இரண்டும் கலந்த முறையோ தேவைப்படும். முதல் முறை செய்பவருக்கு இதைப் பரிந்துரைப்பதில்லை.

மினி, மோரிஸ் மைனர் போன்றவற்றில் போர்ட் இன்ஜெக்‌ஷன் தொல்லை தரும் என்கிறார்களே?

உண்மை. பிஎம்சி ஏ வரிசை எஞ்சினில் நான்கு சிலிண்டருக்கு இரண்டே இன்டேக் போர்ட்டுகள். எம்ஜிபியிலும் பழைய அம்பாசடரிலும் இருக்கும் பி வரிசையும் இப்படித்தான். 1-2 ஒரு போர்ட், 3-4 ஒரு போர்ட். ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2 என்பதால், ஒரே போர்ட்டில் உள்ள இரண்டு சிலிண்டர்களும் 180 டிகிரி இடைவெளியில் அடுத்தடுத்து உறிஞ்சும்; பிறகு 540 டிகிரிக்கு எதுவும் உறிஞ்சாது. அந்த நீண்ட இடைவெளியில் போர்ட்டில் தேங்கிய பெட்ரோலில் பெரும்பங்கை முதலில் திறக்கும் உள் சிலிண்டர்கள், அதாவது 2-ம் 3-ம், எடுத்துக்கொள்ளும். 1-ம் 4-ம் லீனாகும், அதாவது பெட்ரோல் குறைந்த கலவையில் ஓடும். ஆக்ஸிஜன் சென்சார் சராசரியைக் காட்டுவதால் இது கண்ணில் படாது. பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தால்தான் தெரியும்.

தீர்வு இரண்டு. த்ராட்டில் பாடி இன்ஜெக்‌ஷனோடு நின்றுகொள்வது ஒன்று. கேம் ஷாஃப்ட்டின் நிலையைச் சொல்லும் கேம் சென்சார் வைத்து, போர்ட்டுக்கு ஒரு பெரிய இன்ஜெக்டர் என்று அமைத்து, ஒவ்வொரு சிலிண்டரும் உறிஞ்சும் நேரத்துக்குள் அதற்குரிய பெட்ரோலைத் தனித்தனியாகத் தெளிப்பது மற்றொன்று. இரண்டாவதில் தெளிப்பதற்குக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு என்பதால் இன்ஜெக்டர் வழக்கத்தைவிடப் பல மடங்கு பெரிதாக வேண்டும். ஈசியூவின் மென்பொருளிலும் இதற்கான வசதி இருக்க வேண்டும். வாங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்த ஈசியூ வாங்கலாம்?

மெகாஸ்குவர்ட், ஸ்பீடுயினோ, ரஸ்இஎஃப்ஐ ஆகிய மூன்றும் இந்த வட்டத்தில் அதிகம் புழங்குபவை. ஸ்பீடுயினோ, ஆர்டுயினோ மெகா 2560 பலகையை அடிப்படையாகக் கொண்ட திறந்த வடிவமைப்பு. மூன்றையுமே டியூனர்ஸ்டுடியோ மென்பொருளால் டியூன் செய்யலாம். நான்கு சிலிண்டர் கிளாசிக் எஞ்சினுக்கு இவற்றில் எதுவும் போதுமானதற்கு மேல். விலையைவிட, அருகில் அதே ஈசியூவைப் பயன்படுத்தும் ஆள் இருக்கிறாரா, வயரிங் படம் தெளிவாக இருக்கிறதா என்பதைப் பாருங்கள்.

'தானே கற்றுக்கொள்ளும்' என்று விற்கப்படும் த்ராட்டில் பாடி கிட்டுகளும் வேலை செய்யும். ஆனால் அவை கற்பது பெட்ரோல் கலவையை மட்டும்தான். ஸ்பார்க் டைமிங்கை எதுவும் தானாகக் கற்காது.

இன்ஜெக்டரின் அளவைக் கணக்கிடுவது எப்படி?

டர்போ இல்லாத எஞ்சினில் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 0.5 பவுண்டு பெட்ரோல் என்று வையுங்கள். 100 குதிரைத்திறன், நான்கு இன்ஜெக்டர், அதிகபட்சம் 85 சதவீத டியூட்டி (இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தின் பங்கு) என்றால்: 100 × 0.5 ÷ (4 × 0.85) = மணிக்கு 14.7 பவுண்டு. ஒரு பவுண்டுக்கு நிமிடத்துக்கு 10.5 சிசி என்று கொண்டால் சுமார் 155 சிசி. கடையில் கிடைப்பதில் 180 முதல் 200 சிசி வரை எடுங்கள். 'எதற்கும் இருக்கட்டும்' என்று 400 சிசி போட்டால் ஐடிலிங்கில் இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரம் மிகக் குறைந்து, துல்லியமே போய்விடும்.

ரெசிஸ்டன்ஸை மீட்டரில் அளந்து பாருங்கள். 12 முதல் 16 ஓம் இருந்தால் ஈசியூவில் நேரடியாக இணைக்கலாம். 2-3 ஓம் இருந்தால் கரண்டைக் கட்டுப்படுத்தும் டிரைவரோ தொடரில் ரெசிஸ்டரோ தேவை. இல்லையென்றால் ஈசியூவின் டிரான்சிஸ்டர் எரியும்.

ஈசியூ கேட்கும் 'தேவையான பெட்ரோல்' எண்ணை (இன்ஜெக்டர் திறந்திருக்க வேண்டிய நேரம்) மென்பொருளே கணக்கிட்டுத் தரும். இருந்தாலும் கையால் ஒருமுறை சரிபாருங்கள். 1500 சிசி நான்கு சிலிண்டரில் ஒரு சிலிண்டர் 375 சிசி. அதில் நிறையும் காற்று சுமார் 0.45 கிராம். காற்று-பெட்ரோல் விகிதமான 14.7-ஆல் வகுத்தால் பெட்ரோல் 0.031 கிராம், அதாவது 0.041 சிசி. 200 சிசி இன்ஜெக்டர் நொடிக்கு 3.33 சிசி தரும் என்பதால் விடை சுமார் 12.3 மில்லி செகண்ட். மென்பொருள் 6 அல்லது 25 என்று காட்டினால் எங்கோ சிலிண்டர் எண்ணிக்கையையோ இன்ஜெக்டர் எண்ணிக்கையையோ தவறாகக் கொடுத்திருக்கிறீர்கள்.

பழைய பெட்ரோல் லைன், பழைய டேங்க் போதுமா?

பெரும்பாலும் போதாது. கார்புரேட்டருக்கு 0.2 முதல் 0.4 பார், போர்ட் இன்ஜெக்‌ஷனுக்கு 3 பார். பழைய ரப்பர் ஹோஸ், கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் ஃபில்டர், வார்ம் கிளிப் (திருகால் இறுக்குவது) எதையும் பிரஷர் பக்கத்தில் விட்டுவைக்காதீர்கள். 3 பாரில் ஊசிமுனை அளவு கசிவுகூட சூடான எக்ஸாஸ்ட் மேல் பெட்ரோல் புகையாகத் தெளிக்கும். இந்த மாற்றத்தில் உயிருக்கே ஆபத்தான இடம் இது ஒன்றுதான். ஹோஸில் எஸ்ஏஇ 30ஆர்9 என்று அச்சிட்டிருக்க வேண்டும். 30ஆர்7 கார்புரேட்டருக்கானது. விளிம்பு மடித்த இன்ஜெக்‌ஷன் கிளாம்ப் பயன்படுத்துங்கள். சப்ளைக்கு 8 மி.மீ. ஸ்டீல் பைப், ரிட்டர்னுக்கு 6 முதல் 8 மி.மீ.

பம்ப்பை டேங்கின் அருகில், பெட்ரோல் மட்டத்துக்குக் கீழே பொருத்துங்கள். இந்த வகை பம்ப் நன்றாகத் தள்ளும், உறிஞ்சுவதில் வலுவில்லை. எஞ்சின் பக்கம் வைத்தால் வெயிலில் பெட்ரோல் ஆவியாகி (வேப்பர் லாக்) நின்றுவிடும். பம்ப்புக்கு முன் 100 மைக்ரான் ஃபில்டர், பின் 10 மைக்ரான் ஃபில்டர். இரண்டையும் இடம் மாற்றிப் போட்டால் நுண் ஃபில்டர் உறிஞ்சலைத் தடுத்து, பம்ப் கத்திக்கொண்டே சாகும்.

பழைய டேங்கில் தடுப்புத் தகடுகள் இல்லாததால் வளைவில் பெட்ரோல் ஒதுங்கும்போது பம்ப் காற்றை இழுக்கும். கார்புரேட்டரில் ஃப்ளோட் சேம்பர் இதை மறைத்துவிட்டது. இன்ஜெக்‌ஷனில் உடனே எஞ்சின் தடுமாறும். 1 முதல் 2 லிட்டர் சர்ஜ் டேங்க் (இடைத் தொட்டி) வைத்து, பழைய லோ பிரஷர் பம்ப்பால் அதை நிரப்பி, அதிலிருந்து ஹை பிரஷர் பம்ப் எடுக்கும்படி செய்யுங்கள். டேங்கின் காற்றுத் துளை அடைபட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். உள்ளே துரு இருந்தால் சுத்தம் செய்யாமல் மேலே போகவே வேண்டாம்.

ரெகுலேட்டரின் வேக்குவம் குழாயை மேனிஃபோல்டில் இணைக்க வேண்டும். குழாயைக் கழற்றினால் கேஜில் 3.0 பார், இணைத்து ஐடிலிங்கில் 2.4 அருகே. இந்த இரண்டு எண்ணும் வராத வரை லேப்டாப்பைத் திறக்காதீர்கள்.

கிராங்க் சென்சாரும் பல் சக்கரமும் எப்படிப் பொருத்துவது?

36-1 அல்லது 60-2: முப்பத்தாறு பல்லில் ஒன்றோ, அறுபதில் இரண்டோ இல்லாத சக்கரம். அந்த இடைவெளியை வைத்துத்தான் கிராங்க் எங்கே நிற்கிறது என்று ஈசியூ அறிகிறது. கிராங்க் புல்லியில் பொருத்துவது வழக்கம். புல்லியின் நடுவில் ரப்பர் வளையம் இருந்தால் சக்கரம் உள் பகுதியோடு சேரட்டும். வெளி வளையம் காலப்போக்கில் நழுவும், டைமிங்கும் கூடவே நழுவும். சக்கரத்தின் ஆட்டம் 0.2 மி.மீ.க்குள் இருக்க லேத்தில் பாருங்கள். சென்சாருக்கும் பல்லுக்கும் இடைவெளி 0.75 முதல் 1 மி.மீ. பிராக்கெட் தடிமனான இரும்பாக, எஞ்சின் பிளாக்கோடு போல்ட் போட்டதாக இருக்க வேண்டும். மெல்லிய தகடு 4,000 ஆர்பிஎம்மில் அதிரும். நீங்கள் ஈசியூவைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

நான்கு சிலிண்டரில் முதல் சிலிண்டர் மேல் புள்ளிக்கு 90 டிகிரி முன்னால் இடைவெளி சென்சாரைக் கடக்கும்படி வையுங்கள். கம்ப்ரெஷன் உச்சத்தில் கிராங்கின் வேகம் சட்டென்று குறைவதால், அந்த இடத்தில் இடைவெளி வந்தால் ஸ்டார்ட்டிங்கின்போது ஈசியூ குழம்பும்.

இரண்டு வயர் கொண்ட விஆர் (காந்தச் சுருள்) சென்சாரில் வயர் எது எந்தப் பக்கம் என்பது முக்கியம். தலைகீழாக இணைத்தால் எஞ்சின் ஓடக்கூடச் செய்யும். ஆனால் டைமிங் ஆர்பிஎம்மோடு நகரும், இடையிடையே சிங்க் (கிராங்க் நிலையின் கணக்கு) போகும். மூன்று வயர் ஹால் சென்சாரில் இந்தத் தொல்லை இல்லை. பழைய வண்டிக்கு ஹால்தான் எங்கள் விருப்பம்.

டிஸ்ட்ரிபியூட்டரை வைத்துக்கொண்டே செய்யலாமா?

தோற்றத்துக்காக வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் உண்டு. செய்யலாம். எடைகளை அசையாமல் பூட்டி, வேக்குவம் தட்டையும் நிலைநிறுத்துங்கள். ரோட்டரின் முனை, ஈசியூ தரும் டைமிங் எல்லை முழுவதிலும் கேப்பின் முனைக்கு எதிரே இருக்கிறதா என்று கேப்பில் துளையிட்டு ஸ்ட்ரோப் லைட்டால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் டைமிங் சிக்னலையும் டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்தே எடுத்தால், ஷாஃப்ட் புஷ் தேய்ந்திருக்கும்போது டைமிங் சில டிகிரி ஆடும். டைமிங் செயின் தளர்வும் அதோடு சேரும்.

சென்சார்களை எங்கே வைப்பது?

கூலன்ட் சென்சார் தெர்மோஸ்டாட்டுக்கு எஞ்சின் பக்கம் இருக்க வேண்டும். ரேடியேட்டர் பக்கம் வைத்தால் தெர்மோஸ்டாட் திறக்கும் வரை எஞ்சின் குளிராகவே இருப்பதாக ஈசியூ நினைக்கும். போஷ் வகை சென்சார் 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம், 100 டிகிரியில் சுமார் 186 ஓம். காற்றின் வெப்பத்தை அளக்கும் சென்சாரை ஏர் ஃபில்டருக்குப் பக்கத்தில், எக்ஸாஸ்டின் சூடு படாத இடத்தில் வையுங்கள். மேனிஃபோல்டின் உலோகத்தில் வைத்தால் அது காற்றை அல்ல, உலோகத்தை அளக்கும். மேப் சென்சார் குழாயை ஒற்றைக் குழலிலிருந்து எடுக்காமல் எல்லா சிலிண்டரும் பகிரும் இடத்திலிருந்து எடுங்கள்.

வைட்பேண்ட் சென்சார் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் கிளைகள் சேர்ந்த பிறகு, தலைகீழாக இல்லாமல், கிடைமட்டத்திலிருந்து குறைந்தது 10 டிகிரி மேல்நோக்கிச் சாய்ந்து இருக்கட்டும். நீர் உள்ளே தங்காது. மின்சாரம் கொடுக்காமல் எக்ஸாஸ்டில் விட்டுவிட்டு எஞ்சினை ஓட்டினால் கரி படிந்து கெடும். சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் கசிவு எங்கேயும் இருக்கக் கூடாது.

வயரிங்கில் எதைக் கவனிக்க வேண்டும்?

பல 'டியூனிங்' புகார்கள் உண்மையில் எர்த் புகார்கள். ஈசியூவின் எல்லா எர்த் வயர்களும் எஞ்சின் பிளாக்கில் ஒரே போல்ட்டில் முடியட்டும். சென்சார் எர்த்துகள் ஈசியூவின் சென்சார் எர்த் பின்னுக்கே திரும்ப வேண்டும், பாடிக்கு அல்ல. பிளாக்கிலிருந்து பேட்டரிக்குத் தடிமனான புதிய ஸ்ட்ராப் போடுங்கள். ஸ்டார்ட்டர் சுற்றும்போது பிளாக்குக்கும் பேட்டரி எர்த் முனைக்கும் இடையே மீட்டரில் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த எர்த் தேறாது.

கிராங்க் சென்சாருக்கு ஷீல்டு வயர். ஷீல்டை ஈசியூ பக்கம் மட்டும் எர்த் செய்யுங்கள். அதைப் பிளக் வயர், காயில் வயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள். ரெசிஸ்டர் உள்ள பிளக்கும் சப்ரஸர் பிளக் வயரும் கட்டாயம். செம்புக் கம்பி பிளக் வயரோடு எந்த ஈசியூவும் நிம்மதியாக வேலை செய்யாது.

பம்ப்புக்குத் தனி ரிலே, 15 ஆம்ப்ஸ் ஃபியூஸ், விபத்தில் துண்டிக்கும் இனர்ஷியா சுவிட்ச். ரிலேயை ஈசியூ இயக்கட்டும்: சாவி போட்டதும் இரண்டு நொடி ஓடி நின்று, ஆர்பிஎம் வந்தால் மட்டும் மீண்டும் ஓடும். சாவியிலிருந்து நேரடியாக பம்ப்புக்கு வயர் இழுப்பது, எஞ்சின் நின்ற பிறகும் நெருப்புக்குப் பெட்ரோல் ஊற்றும் ஏற்பாடு.

என் வண்டி 6 வோல்ட் / பாசிட்டிவ் எர்த் / டைனமோ.

மூன்றையும் மாற்றியாக வேண்டும். 12 வோல்ட், நெகட்டிவ் எர்த், ஆல்டர்னேட்டர். பம்ப் 5 முதல் 8 ஆம்ப்ஸ், காயில், இன்ஜெக்டர், சென்சார் ஹீட்டர் எல்லாம் சேர்ந்தால் 22 ஆம்ப்ஸ் டைனமோ இரவில் லைட்டோடு தாங்காது. 45 ஆம்ப்ஸ் அல்லது அதற்கு மேல் உள்ள ஆல்டர்னேட்டர் போடுங்கள். வோல்ட்டேஜ் குறைந்தால் இன்ஜெக்டர் திறப்பதும் தாமதமாகும். 13.5 வோல்ட்டில் இந்தத் தாமதம் சுமார் 1 மில்லி செகண்ட். ஹெட்லைட் போட்டதும் கலவை மாறினால், ஈசியூவில் இந்தத் தாமதத்துக்கான திருத்த எண் சரியில்லை என்று பொருள்.

முதல் ஸ்டார்ட் எப்படி?

இன்ஜெக்டர் கனெக்டர்களைக் கழற்றிவிட்டு பம்ப்பை ஓட்டி, ஒவ்வோர் இணைப்பிலும் காகிதத்தால் துடைத்துக் கசிவு பாருங்கள். தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். லேப்டாப்பில் எல்லா சென்சாரும் நம்பும்படியான எண்ணைக் காட்ட வேண்டும்: குளிர்ந்த எஞ்சினில் கூலன்டும் காற்றும் ஒரே வெப்பம், நின்ற எஞ்சினில் மேப் அன்றைய வெளிக்காற்றின் அழுத்தம், த்ராட்டில் 0 முதல் 100 வரை சீராக.

பிறகு பிளக்குகளைக் கழற்றி ஸ்டார்ட்டரில் சுற்றுங்கள். 200 முதல் 300 ஆர்பிஎம் நிலையாகக் காட்ட வேண்டும். மென்பொருளில் டைமிங்கை 10 டிகிரியில் பூட்டி, ஸ்ட்ரோப் லைட்டில் புல்லியும் அதே 10-ஐக் காட்டும் வரை டிரிகர் கோணத்தைத் திருத்துங்கள். வேஸ்ட் ஸ்பார்க் முறையில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பொறி என்பதால் டயல் வைத்த ஸ்ட்ரோப் லைட் தவறாகக் காட்டலாம். டயலைப் பூஜ்யத்தில் வைத்துக்கொண்டு புல்லியின் குறியை மட்டும் நம்புங்கள். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் 3,000-இல் இன்னொருமுறை பாருங்கள். குறி நகரக் கூடாது.

பிறகு பிளக், இன்ஜெக்டர் இணைத்து ஸ்டார்ட். பிடிக்காமல் பிளக் நனைந்திருந்தால் கிராங்கிங் பெட்ரோலைக் குறையுங்கள், காய்ந்திருந்தால் கூட்டுங்கள்.

டைமிங் டேபிளை எங்கிருந்து தொடங்குவது?

வண்டியின் பழைய ஒர்க்‌ஷாப் மேனுவலில் டிஸ்ட்ரிபியூட்டரின் வளைகோடு இருக்கும். ஸ்டாட்டிக் டைமிங்கோடு எடைகள் தரும் அட்வான்ஸைச் சேர்த்தால் அதுதான் உங்கள் முழு லோடு வரிசை. அதிலிருந்து 2-3 டிகிரி குறைத்துத் தொடங்குங்கள். வேக்குவம் அட்வான்ஸையும் சேர்த்தால் குரூஸ் வரிசை. மேனுவல் டிஸ்ட்ரிபியூட்டர் டிகிரியில் சொல்கிறதா, கிராங்க் டிகிரியில் சொல்கிறதா என்று பாருங்கள். முன்னது என்றால் இரண்டால் பெருக்க வேண்டும். இதைத் தவறவிட்டால் டேபிள் முழுவதும் பாதியாகவோ இரட்டிப்பாகவோ ஆகும். இரட்டிப்பானால் பிஸ்டன் உடையும்.

ஐடிலிங் அருகே ஒரு சின்ன உத்தி: 900 ஆர்பிஎம்மில் 14 டிகிரி என்றால் 600-இல் 18 டிகிரி வையுங்கள். எஞ்சின் சோர்ந்து இறங்கும்போது டைமிங் ஏறித் தூக்கிவிடும். ஐடில் வால்வே இல்லாமல் பல எஞ்சின்கள் இதனாலேயே நிலையாக நிற்கும்.

பெட்ரோல் டேபிளை டியூன் செய்யும் முறை?

இலக்கைக் காற்று-பெட்ரோல் விகிதத்தில் சொல்லாமல் லாம்டாவில் வையுங்கள்: பெட்ரோல் முழுதாக எரியச் சரியான விகிதம் 1.0, அதற்கு மேல் போனால் லீன், கீழே போனால் பெட்ரோல் அதிகம். எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு 14.7 என்ற எண் பொருந்தாது. 20 சதவீதக் கலவையில் அது 13.5 அருகே வரும். லாம்டா 1.0 மட்டும் எப்போதும் 1.0-தான். ஐடிலிங்கில் 0.95 முதல் 1.0, குரூஸில் 1.0 முதல் 1.05, முழு லோடில் 0.85 முதல் 0.88.

எஞ்சின் முழுதாகச் சூடாகட்டும். ஆக்ஸிலரேஷன் கூட்டலையும் லாம்டா தானியங்கித் திருத்தத்தையும் அணைத்துவிடுங்கள். டேபிளின் ஒரு கட்டத்தில் எஞ்சினை நிலையாக ஓடவிட்டு, புதிய எண் = பழைய எண் × அளந்த லாம்டா ÷ இலக்கு லாம்டா. 60 என்று இருக்கும் கட்டத்தில் 1.10 காட்டுகிறது, இலக்கு 1.00 என்றால் 66. பக்கத்துக் கட்டங்களையும் சேர்த்து மெல்ல உயர்த்துங்கள். டேபிள் மேடு பள்ளமில்லாத சரிவாக இருக்க வேண்டும். ஒரே ஒரு கட்டம் மட்டும் முள்ளாக நின்றால் அது எஞ்சினின் தேவை அல்ல, அளவீட்டின் பிழை.

ஓட்டுபவர் ஒருவர், லேப்டாப் பார்ப்பவர் ஒருவர். இரண்டையும் ஒருவரே செய்யக் கூடாது. முழு லோடு வேலையை டைனோவில் (பவரை அளக்கும் மேடை) முடிப்பது நல்லது.

ஆட்டோடியூனை நம்பலாமா?

சென்சாரைப் பார்த்து மென்பொருளே டேபிளைத் திருத்தும் இந்த வசதியைக் குரூஸ் பகுதிக்கு நம்பலாம். ஐடிலிங்கிலும் டிரான்சியன்டிலும் (பெடல் சட்டென்று மாறும் நேரம்) நம்பாதீர்கள். மிஸ்ஃபயர் ஆனால் எரியாத ஆக்ஸிஜன் எக்ஸாஸ்டில் வருவதால் சென்சார் 'லீன்' என்னும். ஆட்டோடியூன் மேலும் மேலும் பெட்ரோல் ஊற்றும். பிளக் நனைந்து மிஸ்ஃபயர் இன்னும் கூடும். எக்ஸாஸ்ட் கசிவும் இதே பொய்யைச் சொல்லும். ஒரு கட்டத்தை எத்தனை சதவீதம் மாற்றலாம் என்று வரம்பு வைத்தே ஓட்டுங்கள்.

பெடலை அழுத்தினால் ஒரு நொடி தடுமாறுகிறது.

டேபிள் சரியான பிறகே ஆக்ஸிலரேஷன் கூட்டலைத் தொடுங்கள். லாக்கில் (ஈசியூவின் பதிவில்) அந்த நொடி லாம்டா 1.2-க்கு மேல் குதித்தால் கூட்டுங்கள், 0.75-க்குக் கீழே விழுந்தால் குறையுங்கள். த்ராட்டில் சென்சாரின் சின்ன இரைச்சலையே ஈசியூ பெடல் அழுத்தமாக நினைக்காதபடி தொடக்க வரம்பைச் சற்று மேலே வையுங்கள்.

சூடாக நிறுத்திய வண்டி உடனே ஸ்டார்ட் ஆக மறுக்கிறது.

பெரும்பாலும் காற்று சென்சார் சூட்டில் ஊறி, காற்று 70 டிகிரி என்று சொல்லி, ஈசியூ பெட்ரோலைக் குறைத்துவிடுகிறது. சென்சாரை இடம் மாற்றுங்கள், அல்லது அந்த வெப்பத்துக்கு மேல் திருத்தத்தைக் குறையுங்கள். நிறுத்திய பிறகு ரெயிலில் பிரஷர் உடனே விழுகிறதா என்றும் பாருங்கள். விழுந்தால் பம்ப்பின் செக் வால்வோ ஓர் இன்ஜெக்டரோ கசிகிறது.

குறிப்பிட்ட ஆர்பிஎம்மில் மட்டும் வெட்டுகிறது.

லாக்கில் ஆர்பிஎம் கோட்டைப் பாருங்கள். அது பூஜ்யத்துக்கு விழுந்தோ இரட்டிப்பாகக் குதித்தோ இருந்தால் கிராங்க் சிக்னல்: இடைவெளி, பிராக்கெட், ஷீல்டு, பிளக் வயர். கோடு நேராக இருந்து லாம்டா மட்டும் லீனாகப் போனால் பெட்ரோல் பிரஷர்: ஃபில்டர், பம்ப், டேங்கின் காற்றுத் துளை. டேபிளை மாற்றி இதைச் சரிசெய்ய முயலாதீர்கள்.

வண்டியில் ஏற்கெனவே டி-ஜெட்ரானிக் அல்லது எல்-ஜெட்ரானிக் இருக்கிறது. அதை டியூன் செய்யக்கூடியதாக மாற்றலாமா?

இவை போஷின் பழைய எலக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன் முறைகள். இருப்பதிலேயே எளிய வழி இதுதான். 1967-இல் ஃபோக்ஸ்வாகன் 1600-இல் வந்த டி-ஜெட்ரானிக்கும், 1970-களில் வந்த எல்-ஜெட்ரானிக்கும் மேனிஃபோல்டு, ரெயில், ரிட்டர்ன் லைன் எல்லாவற்றையும் ஏற்கெனவே கொண்டிருக்கின்றன. பிரஷர் முன்னதில் சுமார் 2 பார், பின்னதில் 2.5 பார் அளவு. டி-ஜெட் இன்ஜெக்டர்கள் 2.4 ஓம் வகை. 12 ஓமுக்கு மேற்பட்ட புதியவற்றைப் போட்டுவிடுங்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் டிரிகர் காண்டாக்ட்டுகளை விட்டுவிட்டு கிராங்க் சென்சாருக்கு மாறுங்கள். கழற்றிய பழைய பெட்டியையும் வயரிங்கையும் எறியாமல் வையுங்கள். அசல் நிலைக்குத் திருப்ப நினைப்பவருக்கு அவை கிடைப்பதே அரிது.

வண்டியில் எப்போதும் என்ன உதிரிகள் இருக்க வேண்டும்?

கிராங்க் சென்சார் ஒன்று, ரிலே இரண்டு, ஃபியூஸ்கள், பம்ப்புக்கு நேரடியாகக் கரண்ட் கொடுக்க ஃபியூஸ் உள்ள ஒரு ஜம்பர் வயர், மீட்டர், வயரிங் படத்தின் காகிதப் பிரதி. டியூன் ஃபைலை ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் தேதியோடு புதிய பெயரில் சேமித்து, லேப்டாப்புக்கு வெளியேயும் ஒரு பிரதி வையுங்கள். பேட்டரியைக் கழற்றினால் ஈசியூவில் பதிந்த டேபிள் அழியாது. ஆனால் பதியும் பொத்தானை அழுத்தாமல் சாவியை அணைத்தால் அன்று செய்த மாற்றங்கள் போய்விடும்.